குறட்டைக்கு அறுவை சிகிச்சையா? ஸ்லீப் அப்னியா நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு போகும் பாதை மீண்டும் மீண்டும் அடைபடும் நோய்க்கு அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் அப்னியா என்று பெயர். தடைசார் தூக்க மூச்சுத்திணறல் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆனால் சென்னையில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஸ்லீப் அப்னியா என்றே உங்கள் காதில் விழும் என்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். "ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதிய கட்டுரை இது.

எனக்கு இந்த நோய் அறிமுகமானது என் அண்ணன் மூலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அவர், ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பாடி சிக்னலில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே கண்ணயர்ந்து சாய்ந்துவிட்டார். அதன் பிறகுதான் குடும்பத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டோம். குறட்டைதான் காரணம் என்று ஒரு மருத்துவமனையில் உள்நாக்கையும், வாயின் மேற்கூரையில் மென்மையான பின்பகுதியான மென்னண்ணத்தையும் வெட்டிச் சீரமைத்தார்கள். குறட்டை நின்றது, வீடே நிம்மதியடைந்தது. ஆனால் பகல் தூக்கம் போகவில்லை, காலைத் தலைவலி போகவில்லை, ரத்த அழுத்த மாத்திரையும் குறையவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வேறோர் இடத்தில் பரிசோதித்தபோது, சத்தமே இல்லாமல் மணிக்கு 38 முறை அவருக்கு மூச்சு தடைபட்டுக்கொண்டிருந்தது. அடைப்பு அண்ணத்தில் மட்டும் இல்லை, அடிநாக்கிலும் இருந்தது. முதல் அறுவை சிகிச்சைக்கு முன் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆகவே "எந்த ஆபரேஷன் நல்லது" என்று கேட்பதற்கு முன்னால் "என் மூச்சுப்பாதை எந்த இடத்தில் மூடுகிறது" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காத வரை எந்த அறுவை சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: எண்ணைக் கையில் வாங்குங்கள்

பரிசோதனைக்குப் போகும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பக்கத்தில் படுப்பவர், நீங்கள் மல்லாந்து தூங்கும்போது பத்து நிமிடம் கைபேசியில் வீடியோ எடுக்கட்டும். என் அண்ணி எடுத்த வீடியோவில் அண்ணனுடைய நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்றின் ஓசையே இல்லை. அண்ணி மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டில் உடம்பு ஒரு குலுங்கு குலுங்க, பெரும் இரைச்சலோடு மூச்சு திரும்பியது. எத்தனை வார்த்தை சொன்னாலும் புரியவைக்க முடியாததை அந்தக் காட்சி மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் புரியவைத்தது.

அடுத்தது ஸ்லீப் ஸ்டடி என்னும் தூக்கப் பரிசோதனை. தலையில் மின்முனைகள், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவி ஆகியவற்றோடு ஓர் இரவு தூங்க வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் செய்வது முழுமையானது. வீட்டிலேயே சிறிய கருவியோடு செய்வதும் உண்டு. அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு முழுமையாகவோ பகுதியாகவோ தடைபட்டது என்பதே அது. குறைந்தது 10 வினாடி நீடித்தவை மட்டுமே கணக்கில் வரும். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியது, மல்லாந்து படுத்தபோதும் ஒருக்களித்துப் படுத்தபோதும் எண் எப்படி மாறியது என்பவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராமல் நிற்கும் சென்ட்ரல் அப்னியா அறிக்கையில் அதிகமாக இருந்தால், தொண்டையில் செய்யும் எந்த அறுவை சிகிச்சையும் அதைத் தீர்க்காது.

இரண்டாம் படி: சி-பாப் கருவியை நேர்மையாக முயன்று பாருங்கள்

மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவியை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். நடுத்தர, கடுமையான நோய் உள்ள பெரியவர்களுக்கு இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை என்பது சி-பாப் ஒத்துவராதபோது வரும் அடுத்த வழி. மிகப் பெரிய டான்சில் போல, பார்த்தவுடன் தெரியும் அடைப்பு இருப்பவர்கள் இதற்கு விலக்கு.

மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு "ஒத்துவரவில்லை" என்று பரணில் ஏற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாஸ்க் அளவு தவறாக இருக்கலாம், வாய் திறந்து காற்று கசியலாம், மூக்கு அடைத்திருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. மின்வெட்டுக்குப் பயப்படுபவர்கள் கருவியை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுக்கொள்ளலாம். இரவில் 4 மணி நேரத்துக்கு மேல், பத்தில் ஏழு இரவுகளாவது பயன்படுத்த முடிகிறதா என்பது மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவுகோல். கருவியே அந்தக் கணக்கைப் பதிவு செய்துவிடும்.

எடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. கத்தி இல்லாமல் கிடைக்கும் இந்தப் பலன் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் துணை நிற்கும்.

மூன்றாம் படி: அடைப்பு எங்கே என்று கண்ணால் காணுங்கள்

விழித்திருக்கும்போது வாயைத் திறந்து பார்த்தால் டான்சிலின் அளவும் மென்னண்ணத்தின் தாழ்வும் தெரியும். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தால் மூக்குத்தண்டு வளைவும் அடிநாக்கின் பருமனும் தெரியும். ஆனால் நோய் தூக்கத்தில் மட்டுமே வருகிறது. விழித்திருக்கும் தொண்டை, தூங்கும் தொண்டையைப் போல நடந்துகொள்வதில்லை.

அதனால்தான் 1991-இல் இங்கிலாந்தில் கிராஃப்ட், பிரிங்கிள் என்ற இருவர் ஒரு வழியை விவரித்தார்கள்: அறுவை அரங்கில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, குறட்டை வரத் தொடங்கியதும் கேமராவை விட்டுப் பார்ப்பது. இன்று இதை 'டைஸ்' என்கிறார்கள். புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தை மயக்க மருத்துவர் சிறிது சிறிதாக ஏற்றுவார். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். மென்னண்ணம், அதையடுத்த தொண்டைப் பக்கச் சுவர், அடிநாக்கு, குரல்வளை மூடி என்ற நான்கு இடங்களில் எது, எந்தத் திசையில், எவ்வளவு மூடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

அண்ணனுடைய பதிவை இரண்டாவது மருத்துவர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். இளஞ்சிவப்பு நிறச் சுரங்கம் ஒன்று திரையில் தெரிந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு சதைமேடு பின்னால் சரிந்து, அந்தச் சுரங்கத்தை முழுவதுமாக மூடியது. "நாக்கு பின்னாடி விழுது பாருங்க, இதுக்கு அண்ணத்துல வெட்டி என்ன பிரயோஜனம்?" என்றார். பிறகு உதவியாளர் கீழ்த்தாடையை விரலால் முன்னுக்குத் தள்ள, சுரங்கம் மெதுவாகத் திறந்தது. தாடை முன்னுக்கு வந்தால் பயன் இருக்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. நீங்களும் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிரதியும் வாங்கி வையுங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்கும்போது அதுதான் பேசும்.

நான்காம் படி: இடத்துக்கு ஏற்ற அறுவை சிகிச்சை

மூக்கில் தொடங்குவோம். மூக்குத்தண்டு வளைவை நேராக்குவதும், மூக்கினுள் வீங்கிய சதையைச் சுருக்குவதும் மட்டுமே ஸ்லீப் அப்னியாவைத் தீர்ப்பது அரிது. ஆனால் மூக்கு திறந்தால் சி-பாப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகிறது, தேவைப்படும் காற்றழுத்தமும் பலருக்குக் குறைகிறது. இந்த நோக்கத்துக்காகச் செய்தால் அது நல்ல அறுவை சிகிச்சை. "இதிலேயே நோய் போய்விடும்" என்று யாராவது சொன்னால் ஏ.எச்.ஐ. எண்ணைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

அண்ணத்திலும் டான்சிலிலும் செய்வதுதான் அதிகம் நடப்பது. டான்சிலை எடுத்து, உள்நாக்கையும் மென்னண்ணத்தின் ஓரத்தையும் வெட்டித் தைக்கும் யு.பி.பி.பி. என்ற முறையை ஸ்லீப் அப்னியாவுக்கென 1981-இல் ஃபுஜிடா வெளியிட்டார். சி-பாப் அறிமுகமான அதே ஆண்டு. ஆள் பார்த்துச் செய்தால் மட்டுமே இது பலிக்கும். டான்சில் பெரிதாகவும், வாயைத் திறந்தால் அண்ணம் நன்றாகத் தெரியும்படியும், உடல் பருமன் மிகாமலும் இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இது பலன் தந்ததாகவும், டான்சில் சிறிதாகவும் அடிநாக்கு அண்ணத்தை மறைத்தும் இருந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கே பலன் தந்ததாகவும் 2002-இல் ஃப்ரீட்மன் குழுவினர் காட்டினார்கள். ஒரே அறுவை சிகிச்சைக்கு இத்தனை வேறுபாடு.

பழைய முறையில் சதையை அதிகம் வெட்டியதால் சிலருக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வருவதும், தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வும் தங்கிவிட்டன. ஆகவே இப்போது வெட்டுவதைக் குறைத்து, தசையை இடம் மாற்றித் தைத்துப் பக்கச் சுவரை விரிக்கும் முறைகள் வந்துள்ளன. 2007-இல் பாங், வுட்சன் இருவரும் வெளியிட்ட எக்ஸ்பேன்ஷன் ஸ்பிங்க்டர் ஃபாரிங்கோபிளாஸ்டியும், முள்வைத்த நூலால் தைக்கும் முறையும் அந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் மருத்துவர் எதைச் செய்கிறார் என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லேசரால் உள்நாக்கைக் குறைப்பது குறட்டைக்காக விளம்பரப்படுத்தப்படுகிறது. ஸ்லீப் அப்னியாவுக்கான சிகிச்சையாக அதை அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு பரிந்துரைப்பதில்லை.

அடிநாக்கில் அடைப்பு என்றால், அங்குள்ள சதையைக் கோப்ளேஷன் என்னும் குறைந்த வெப்பக் கருவியாலோ ரோபோ உதவியாலோ வாய் வழியாகவே குறைக்கலாம். நாக்குத் தசை பற்றியிருக்கும் மோவாய் எலும்புத் துண்டை முன்னுக்கு இழுத்துப் பொருத்தும் முறையும், நாக்கடி எலும்பை இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. இந்தப் பகுதியில் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுவதாலும், வீக்கம் வந்தால் மூச்சே அடைபடக்கூடும் என்பதாலும், அன்றிரவு தீவிரக் கண்காணிப்பு வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து முன்னுக்கு நகர்த்தும் எம்.எம்.ஏ. என்ற அறுவை சிகிச்சை, மூச்சுக்குழாயில் துளையிடுவதை விட்டால் இருப்பவற்றில் பலன் மிகுந்தது. தாடைகளைச் சுமார் 10 மில்லிமீட்டர் நகர்த்தும்போது அண்ணமும் நாக்கும் சேர்ந்தே முன்னுக்கு வர, முழுப் பாதையும் அகலமாகிறது. 2010-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில் 86 சதவீதம் பேருக்கு வெற்றியும், 43 சதவீதம் பேருக்கு ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இறங்கிய முழுக் குணமும் பதிவாயின. கீழ்த்தாடை உள்வாங்கியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். விலையாக, கீழ் உதடும் மோவாயும் மாதக்கணக்கில் மரத்துப் போகலாம், சிலருக்கு அது நிலைத்தும் விடலாம்; முக அமைப்பு மாறும்; பற்களுக்குக் கம்பி தேவைப்படலாம். இதைச் செய்பவர் பல் மருத்துவம் படித்த முக, தாடை அறுவை மருத்துவர்.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் போல ஒரு கருவியைப் பதித்து, மூச்சிழுக்கும்போது நாக்கை முன்னுக்குத் தள்ளச் செய்வது அது. அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்றது. அதே ஆண்டு வெளியான ஆய்வில் 126 பேரின் இடைநிலை ஏ.எச்.ஐ. ஓராண்டில் 29.3-லிருந்து 9.0-க்கு இறங்கியது. விலை மிக அதிகம். நம் ஊரில் இன்னும் பரவலான சிகிச்சையும் இல்லை. அண்ணம் நாலாபுறமும் சுருங்கி மூடுபவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்பதால் இதற்கும் டைஸ் அவசியம்.

கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிடும் டிரக்கியாஸ்டமிதான் இந்த நோய்க்கு முதன்முதலில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை. அடைப்பையே தாண்டிச் செல்வதால் நிச்சயப் பலன் தரும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் இன்று செய்கிறார்கள்.

மிகுந்த உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நன்றாக உதவும். ஆனால் எடை இறங்கிய பிறகும் பலரிடம் நோயின் ஒரு பகுதி மிஞ்சுகிறது. மறுபரிசோதனை செய்யாமல் சி-பாப் கருவியை நிறுத்திவிடக் கூடாது.

குழந்தைகளின் கணக்கே வேறு. வாயைத் திறந்தபடி தூங்கி, குறட்டை விட்டு, பகலில் துறுதுறுவென்றோ எரிச்சலாகவோ இருக்கும் குழந்தைக்கு டான்சிலும், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையும் பெருத்திருந்தால், அவற்றை எடுப்பதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேருக்குப் பரிசோதனை இயல்பானது. காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு. குழந்தைகளுக்கு ஏ.எச்.ஐ. 1-ஐத் தாண்டினாலே இயல்பல்ல என்று கருதுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: யாரிடம் போவது, செலவுக்கு என்ன வழி

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. தாடை தொடர்பானதற்குக் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும், குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்; தூக்கப் பரிசோதனையும் டைஸும் அங்கேயே நடக்குமா, வெளியே செய்துவர வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்குச் சொன்ன அறுவை சிகிச்சையின் பெயரை எழுதிக்கொண்டு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் காட்டி, பட்டியலில் உண்டா என்று உறுதி செய்யுங்கள். தனியார் காப்பீடு என்றால் முன் அனுமதி வாங்காமல் படுக்கையில் சேர வேண்டாம். பரிசோதனைக்காக மட்டும் தங்கும் செலவைப் பொதுவாகக் காப்பீடு ஏற்பதில்லை. ஸ்லீப் ஸ்டடி, டைஸ் இரண்டும் அதில் மாட்டிக்கொள்ளலாம். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதியில், பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 40-ம் அதற்கு மேலும், அல்லது 35-ம் அதற்கு மேலும் இருந்து கடுமையான ஸ்லீப் அப்னியா போன்ற நோயும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உள்ளது. ஆகவே பரிசோதனை அறிக்கையில் "கடுமையானது" என்ற சொல் தெளிவாக இருப்பது முக்கியம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: "வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள்?" ஏ.எச்.ஐ. பாதியாகக் குறைந்து 20-க்குக் கீழே வந்தால் வெற்றி என்பது அறுவை மருத்துவ இதழ்களில் நெடுங்காலமாக வழங்கும் வரையறை. 36 இருந்தவருக்கு 17 ஆனால் அந்தக் கணக்கில் வெற்றி. நோயாளியின் கணக்கில் அது இன்னும் நடுத்தர நோய்தான்.

ஆறாம் படி: அறுவை நாளும் அடுத்த இரண்டு வாரமும்

மயக்க மருத்துவரிடம் ஸ்லீப் அப்னியா இருப்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கோப்பில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மயக்க மருந்தும், மார்ஃபின் வகை வலி மருந்துகளும் மூச்சை மேலும் தளர்த்தும். சி-பாப் வைத்திருப்பவர்கள் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.

தொண்டையில் செய்தால் வலி பத்து முதல் பதினான்கு நாள் இருக்கும். காது வலிக்கும், அது தொண்டை வலியின் எதிரொலி. தொண்டையில் வெள்ளையாகப் படர்வதைச் சீழ் என்று பயப்பட வேண்டாம், புண் ஆறும் விதம் அது. ஆறிய கஞ்சி, குழைத்த தயிர் சாதம், இளநீர், ஐஸ்கிரீம் போதும். அப்பளம், முறுக்கு, காரக்குழம்பு, சூடான ரசம் வேண்டாம். வலிக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு, தொண்டை வறண்டால் வலி இரட்டிப்பாகும். தலையை உயர்த்திப் படுங்கள். ரத்தக் கசிவு முதல் 24 மணி நேரத்திலும், பிறகு ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் வரக்கூடும். எச்சிலில் புது ரத்தம் கண்டால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். அந்த இரண்டு வாரமும் மருத்துவமனையிலிருந்து விரைவில் சேர முடியாத ஊருக்குப் பயணம் வேண்டாம்.

ஏழாம் படி: மறுபடியும் பரிசோதனை

புண் ஆறி வீக்கம் வடிந்த பிறகு, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளுங்கள். அண்ணனுக்கு முதல் முறை யாரும் இதைச் சொல்லவில்லை. சத்தம் நின்றதையே சான்றாக நாங்களும் எடுத்துக்கொண்டோம். இரண்டாம் முறை, தாடை அறுவை சிகிச்சைக்கு அவர் மனம் ஒப்பவில்லை. மூக்குத்தண்டை மட்டும் நேராக்கிக்கொண்டு, முன்பு பொறுக்க முடியாதிருந்த சி-பாப் கருவியோடு இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறார். பரிசோதனையில் கருவியோடு ஏ.எச்.ஐ. 4 வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கருவி தேவைப்பட்டால் அதைத் தோல்வியாக நினைத்து மனம் தளர வேண்டாம்.

எடை கூடினாலும் வயது ஏறினாலும் நோய் திரும்பக்கூடும். பகல் தூக்கமோ காலைத் தலைவலியோ மறுபடி தலைகாட்டினால், குறட்டை வருகிறதா இல்லையா என்று பாராமல், பழைய அறிக்கைகள், டைஸ் பதிவு, செய்த அறுவை சிகிச்சையின் பெயர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரே கோப்பில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.